அறத்தீர்ப்பின் அடியிலுள்ள உலக நம்பிக்கையைக் கண்டறிவது எப்படி?

சாலை விபத்தில் ஒருவர் அடிபட்ட செய்தியைப் படித்ததும், "அந்த நேரத்தில் அவருக்கு அங்கே என்ன வேலை?" என்று மனம் கேட்கிறது. அது அறவுணர்வின் குரலாகத் தோன்றினாலும், பல வேளைகளில் அதற்கு அடியில் இருப்பது, உலகம் நியாயமாகவே நடக்கிறது, அவரவர்க்கு உரியதே அவரவரை வந்து சேர்கிறது என்னும் நம்பிக்கைதான். அதை வெளியே எடுக்க, உங்கள் தீர்ப்பை ஒரு வாக்கியமாக எழுதி, அதன்கீழ் "ஏனென்றால் இவ்வுலகில்" என்று தொடங்கும் இன்னொரு வாக்கியத்தையும் எழுதி முடியுங்கள். எழுதக் கை தயங்கும் அந்த இரண்டாம் வாக்கியத்தையே சோதிக்க வேண்டும்.

முதலில், அதே சாலையில் அதே நேரத்தில் சென்று நலமாக வீடு சேர்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவரைக் குறைசொல்லத் தோன்றவில்லையென்றால், நீங்கள் எடைபோட்டது நடத்தையை அன்று, விளைவை.

அடுத்து, துன்பப்பட்டவருக்கு உதவ உங்களுக்கு வழி இருந்திருந்தால் இதே தீர்ப்பைச் சொல்லியிருப்பீர்களா என்று கேளுங்கள். இக்கேள்வி மிக முக்கியமானது. உளவியலாளர்களான மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் 1966இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண் மின்னதிர்ச்சி பெறுவதாக நடிக்க, மாணவியர் அதை உண்மையென்று நம்பிப் பார்த்தனர். அவளை அந்நிலையிலிருந்து விடுவித்துப் பணம் பெறச் செய்ய வாய்ப்புக் கிடைத்தவர்களைவிட, அவள் துன்பம் தொடரும் என்று எண்ணியவர்களே அவளைத் தாழ்வாக மதிப்பிட்டனர். நியாயம் தவறியதைத் திருத்த முடியாதபோது, பாதிக்கப்பட்டவரைத் தகுதியற்றவராக்கியேனும் தன் நம்பிக்கையைக் காத்துக்கொள்ள மனம் முயல்கிறது என்பது லெர்னரின் விளக்கம். ஆயினும் உழைப்புக்குப் பலன் உண்டு என்னும் நம்பிக்கை இல்லாமல் எவரும் நெடுங்காலத் திட்டம் எதையும் தொடங்க மாட்டார். ஆதலால் அதை முற்றிலும் துறக்க வேண்டியதில்லை, பிறர் துன்பத்துக்கு அதை அளவுகோலாக்காமல் இருந்தால் போதும்.

இறுதியாக, நம்பிக்கைக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏதேனும் செருகப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஆற்று வெள்ளத்தில் செல்லும் புணைபோல உயிர் முறைவழியே செல்கிறது என்று கண்ட கணியன் பூங்குன்றனார், அதிலிருந்தே பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். "அவன் தலையெழுத்து" என்று சொல்லி விலகிச் செல்பவரும் ஏறத்தாழ அதே நம்பிக்கையிலிருந்துதான் புறப்படுகிறார். ஆனால் விதிப்படி வந்தது தகுதிப்படியும் வந்ததே என்ற ஒன்றை நடுவில் சேர்த்துக்கொள்கிறார். அந்த நடு வாக்கியத்தையும் தாளில் எழுதி, அதற்குத் தனியே காரணம் கேளுங்கள்.