சைக்கிள் கூரியராக நகரச் சாலையில்: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

நகரத்துக்குள் சைக்கிளில் ஆவணங்களையும் பார்சல்களையும் கொண்டு சேர்க்கும் வேலைக்கு முதன்முதலாக வருகிறவர்கள், வேகமாக மிதித்தால் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்ற கணக்கோடுதான் பெரும்பாலும் வருகிறார்கள். ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் வேலையில் அந்தக் கணக்கு இயல்பானது. ஆனால் பாதிதான் சரி. இரண்டு கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 6 நிமிடம் ஆகும். மூச்சிரைக்க 24 கிலோமீட்டருக்கு உயர்த்தினால் 5 நிமிடம். மிச்சமாகும் அந்த ஒரு நிமிடமும் அடுத்த சிக்னலில் பெரும்பாலும் கரைந்துவிடும். கட்டடத்தின் எந்த வாசலில் பார்சலை வாங்கிக்கொள்வார்கள் என்று தெரியாமல் சுற்றுவதும், லிஃப்டுக்காக நிற்பதும், பெறுபவர் தொலைபேசியை எடுக்காததுமோ ஐந்து, பத்து நிமிடங்களை எளிதில் விழுங்கிவிடும். அனுபவமுள்ள கூரியர் சாலையில் நிதானமாகச் செல்வதுபோலத் தெரிந்தும், மாலையில் அதிக வேலைகளை முடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். இதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவசரத்தைச் சாலையில் தீர்த்துக்கொள்ள நினைப்பவர், கீழே சொல்லப்படும் எந்த முறையையும் முதல் நெருக்கடியிலேயே கைவிட்டுவிடுவார்.

புறப்படுவதற்கு முன்

பார்சலைக் கையில் வாங்கியதும் பெடலில் கால் வைக்க வேண்டாம். முகவரி, மாடி, பெறுபவரின் பெயர், தொலைபேசி எண், கையெழுத்து தேவையா என்பது ஆகியவற்றை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பார்சல்கள் சேர்ந்திருந்தால் அவற்றைக் கொடுக்கும் வரிசையை முடிவு செய்து, முதலில் கொடுக்க வேண்டியது பையின் மேலே இருக்கும்படி அடுக்கிக்கொள்ளுங்கள். வழியை நின்றபடியே பார்த்து, திரும்ப வேண்டிய மூன்று நான்கு இடங்களை மனத்தில் ஏற்றிக்கொண்டு தொலைபேசியை மூடிவிடுங்கள். மறந்துபோனால் ஓரமாக நிறுத்திப் பார்ப்பதே வழி. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்கும் இரண்டு நொடிகளில் சைக்கிள் ஏறக்குறைய 14 மீட்டர் பார்வையின்றி ஓடியிருக்கும்.

ஒவ்வொரு கட்டடத்திலும் பின்வாசல் எங்கே, சைக்கிளைப் பூட்ட இடம் எங்கே, எந்த நேரத்தில் லிஃப்டில் கூட்டம் என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைப்பது, விலை உயர்ந்த சக்கரம் வாங்குவதைவிட அதிக நேரத்தை மிச்சப்படுத்தும். கூரியர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாட்சர் நேரம் கேட்கும்போது உண்மையாக ஆகக்கூடிய நேரத்தைச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதற்காகச் சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு.

சாலையில் எங்கே ஓட்டுவது

சாலையின் விளிம்பை ஒட்டி ஓட்டுவதே பாதுகாப்பு என்று புதியவர்கள் நம்புகிறார்கள். விளிம்பில் கண்ணாடித் துண்டுகளும் வடிகால் மூடிகளும் கிடக்கும் என்பது சிறிய பிரச்சினை. விளிம்பில் செல்பவரைப் பின்னால் வருகிற ஓட்டுநர் சாலையின் ஒரு பகுதியாகக் கருதாமல், இடமே இல்லாத இடத்திலும் நெருக்கிக்கொண்டு முந்துவார் என்பதுதான் பெரிய பிரச்சினை. ஆகவே சந்திப்பை நெருங்கும்போதும், இரண்டு வாகனங்கள் பக்கவாட்டில் செல்ல முடியாத குறுகிய பகுதியிலும், தடத்தின் நடுவில் ஓட்டுவது நல்லது. பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பில் 2022 ஜனவரியில் செய்யப்பட்ட மாற்றங்கள் இதையே பரிந்துரைக்கின்றன; மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் சைக்கிளை முந்தும் வாகனம் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. நீங்கள் ஓட்டும் நகரத்தின் விதி என்ன சொல்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். போலீசாரிடம் வாதாடவும் அது உதவும்.

நிறுத்தப்பட்டிருக்கும் கார்களின் வரிசையைக் கடக்கும்போது, கதவு திறந்தால் தொடாத தூரத்தில், அதாவது ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலகி ஓட்டுங்கள். காருக்குள் ஆள் இருக்கிறாரா என்று ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்துக்கொண்டே போகலாம் என்பது நடைமுறையில் எடுபடாத யோசனை. கதவு பட்டு விழுபவர், பெரும்பாலும் சாலையின் நடுப்பக்கமாக, பின்னால் வரும் வாகனத்தின் பாதையிலேயே விழுகிறார். காருக்குள் இருப்பவர் கதவுக்கு எதிர்ப்பக்கக் கையால் கதவைத் திறந்தால் உடல் தானாகத் திரும்பிப் பின்புறம் பார்க்கும் என்பது நெதர்லாந்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பழக்கம். உங்கள் வீட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள்.

இனி லாரி. கூரியர்கள் புதியவருக்கு முதலில் சொல்லித்தரும் பாடமும், பலர் பாதியிலேயே மறக்கும் பாடமும் இது. நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை. உட்பக்கமாக, சாலை விளிம்பை நோக்கி வெட்டிக்கொண்டு வருகின்றன. திரும்புவதற்கு இடம் வேண்டும் என்பதால் ஓட்டுநர் முதலில் வண்டியை எதிர்ப்பக்கமாக விலக்குவார். அப்போது விளிம்புக்கும் லாரிக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டாகும், அது சைக்கிளுக்காக விட்ட இடம்போலவே தோன்றும். அதற்குள் நுழைபவர் ஓட்டுநரின் கண்ணுக்கு முழுவதுமாக மறைந்துவிடுகிறார். லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட எடைகொண்ட லாரிகளின் ஓட்டுநர் அறையிலிருந்து நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதை அளந்து, 0 முதல் 5 வரை நட்சத்திரத் தரம் கொடுத்து, அனுமதி பெற்ற பிறகே உள்ளே வரவேண்டும் என்ற விதி 2021 மார்ச்சிலிருந்து நடைமுறைப்படுத்தப்படுவதற்கு இந்த மறைவிடமே காரணம்.

ஆகவே சிக்னலில் நிற்கும் லாரியையோ பேருந்தையோ விளிம்புப் பக்கமாக முந்த வேண்டாம். திரும்பும் விளக்கு எரியாவிட்டாலும் வேண்டாம். பின்னாலேயே நில்லுங்கள். நீங்கள் ஏற்கெனவே முன்னால் நிற்கும்போது லாரி பக்கத்தில் வந்து நின்றால், ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியும் அளவுக்கு முன்னே நகருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் சைக்கிளைவிட்டு இறங்கி நடைபாதையில் ஏறிவிடுவதில் எந்த வெட்கமும் இல்லை.

நிற்கத் தெரியாமல் வேகம் பழகக் கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் போகிறீர்கள். ஆபத்தைக் கண்டு விரல்கள் பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்றால், அதற்குள் 7 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும் பிரேக் இருந்தும் நிற்பதற்கு மேலும் 5 மீட்டராவது வேண்டும். மழையில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக்குகள் முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கத் தொடங்கும் என்பதால் இந்தத் தூரம் இன்னும் கூடும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால் நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன்பிரேக்கிலிருந்தே வருகிறது. தலைகுப்புற விழுந்துவிடுவோம் என்று அஞ்சி அதைத் தொடாமலே பழகியவர்கள் நெருக்கடியில் நிற்க முடியாமல் போகிறார்கள். ஆளில்லாத இடத்தில், உடலைப் பின்னே தள்ளி, கைகளை ஊன்றி, முன்பிரேக்கைப் படிப்படியாக இறுக்கிப் பழகுங்கள். பின்பு பை நிறையச் சுமையோடு அதையே செய்துபாருங்கள். வேறுபாடு வியப்பைத் தரும். கூரியர்களிடையே விருப்பத்துக்குரிய, பெடலும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுழலும் ஃபிக்ஸட் கியர் சைக்கிளில், பெடலை எதிர்த்து மிதித்து நிறுத்துவது பின்சக்கரத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. அழகுக்காக முன்பிரேக்கைக் கழற்றிவிடுவது அசட்டுத்தனம் என்பது என் கருத்து.

டிராம் தண்டவாளத்தைக் கூடியவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் டயர் பள்ளத்தில் இறங்கிவிடும். ஈரமான இரும்பு மூடிகள் மீதும் சாலைக்கோடுகள் மீதும் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. பக்கச் சாலையிலிருந்து கார் எட்டிப்பார்த்தால் ஓட்டுநரின் கண்ணைவிட முன்சக்கரத்தைக் கவனியுங்கள். உங்களைப் பார்த்தபடியே வண்டியை எடுப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் சக்கரம் உருளத் தொடங்குவது மறையாது.

பாதசாரிகளைப் பற்றிச் சொல்ல ஒரு பழைய நிகழ்வு போதும். 1987 இல் நியூயார்க் மேயர் எட் காச், மன்ஹாட்டனின் ஃபிஃப்த், மேடிசன், பார்க் ஆகிய மூன்று அவென்யூக்களில், 31 ஆம் தெருவுக்கும் 59 ஆம் தெருவுக்கும் இடையில், வார நாட்களின் பகலில் சைக்கிளுக்குத் தடை அறிவித்தார். கூரியர்கள் நடப்பவர்களை இடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற பொதுமக்களின் கோபமே அதன் பின்னணி. கூரியர்கள் திரண்டு சைக்கிளிலேயே ஊர்வலம் போனார்கள். முறைப்படி அறிவிப்பு வெளியிடவில்லை என்று நீதிமன்றம் தடையைச் செல்லாததாக்கியது. வழக்கு வென்றது முறை தவறியதால்தான், கோபம் நியாயமற்றது என்பதால் அல்ல. நடைபாதையில் வேகமாகப் போகும் ஒருவரைப் பார்ப்பவர்கள் அவருடைய பெயரை நினைவில் வைப்பதில்லை. தோளில் இருக்கும் பையைத்தான் நினைவில் வைக்கிறார்கள்.

வண்டியும் பையும்

காலையில் டயரின் காற்று, பிரேக் கட்டைகளின் தேய்மானம், செயினின் எண்ணெய், ஹேண்டில்பாரின் இறுக்கம் ஆகியவற்றைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். இருட்டும் முன் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். பை பின்விளக்கை மறைக்கிறதா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தோள்பையின் பட்டை நுனிகளைச் செருகிவிடுங்கள், தொங்கினால் சக்கரத்தில் சிக்கும். கனமானவற்றை முதுகில் ஏற்றாமல் கேரியரில் கட்டுவது முதுகுக்கும் சமநிலைக்கும் நல்லது. ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றப்பட வேண்டியதே.

சக கூரியர்களோடு

கூரியர்கள் அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கும் இடம் ஒன்று எல்லா நகரங்களிலும் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அங்கே போய் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். எந்தச் சந்திப்பில் எண்ணெய் கொட்டியிருக்கிறது, எந்தத் தெருவில் சைக்கிள் திருட்டு நடக்கிறது என்பதெல்லாம் வரைபடத்தில் கிடைக்காது, அங்கேதான் கிடைக்கும். பஞ்சராகி நிற்கும் கூரியரைக் கண்டால், அவர் போட்டி நிறுவனத்தவரானாலும், நிறுத்திக் கேட்பது இந்தத் தொழிலின் எழுதாத விதி.

வேலை முடிந்தபின் கூரியர்கள் தங்களுக்குள் நடத்தும், நகரத்தின் பல நிறுத்துமிடங்களைத் தொட்டுவர வேண்டிய ஆலிகேட் பந்தயங்களுக்கு உங்களை அழைப்பார்கள். 1989 இல் டொராண்டோவில் இந்தப் பெயரோடு தொடங்கிய இப்பந்தயங்கள் போக்குவரத்து ஓடும் சாலையிலேயே நடப்பவை. நகரத்தை அறிந்தவரே வெல்லும் விளையாட்டு என்பது உண்மைதான், ஆனாலும் புதியவர் முதல் சில முறை நிறுத்துமிடங்களில் முத்திரை குத்தும் தொண்டராக நிற்பதே போதும்; ஆட்களைப் பழகுவதற்கு அது இன்னும் நல்ல வழி. 1993 இல் பெர்லினில் முதன்முதலாக நடந்த சைக்கிள் கூரியர் உலகப் போட்டியில், வாகனங்கள் இல்லாத தனிப் பாதையில் பார்சல்களை எடுத்துக் கொடுக்கும் வேலையே போட்டியாக நடத்தப்படுகிறது. வேலையின்போது அடிபட்ட கூரியர்களுக்குப் பணம் அனுப்புவதற்கென்று தன்னார்வலர்கள் நடத்தும் சர்வதேச அவசர நிதியும் இந்தச் சமூகத்திலிருந்தே வந்தது. உங்கள் நகரத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால், பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகை போட்டுத் தொடங்கலாம். அதோடு ஒவ்வொருவரின் இரத்த வகை, வீட்டுத் தொடர்பு எண், அடிபட்டால் மீதிப் பார்சல்களை யார் வாங்கிக்கொள்வது என்பவற்றை எழுதிப் பகிர்ந்து வையுங்கள்.

விபத்து நேர்ந்தால், எழ முடிந்தாலும் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பக் கூடாது. அதிர்ச்சியில் வலி தெரியாது, தலையில் பட்ட அடியின் அறிகுறிகள் சில மணிநேரம் கழித்தும் வரலாம். சாலையைவிட்டு விலகி, வாகன எண்ணைப் படம் எடுத்து, பார்த்தவர்களின் தொடர்பு எண்ணை வாங்கி, போலீசில் பதிவு செய்து, அதே நாளில் மருத்துவரைப் பாருங்கள். டிஸ்பாட்சருக்குச் சொல்லும்போதே சக கூரியர் ஒருவருக்கும் சொல்லுங்கள்; முன்னவர் பார்சலைப் பற்றிக் கேட்பார், பின்னவர் உங்களைப் பற்றிக் கேட்பார்.

சிகிச்சைச் செலவு யாருடையது என்ற கேள்விக்கு விடை, பெரும்பாலும் நீங்கள் ஊழியரா சுயதொழில் செய்பவரா என்று ஒப்பந்தம் சொல்வதில்தான் இருக்கிறது. லண்டனில் 2017 ஜனவரியில் ஒரு தொழிலாளர் தீர்ப்பாயம், சுயதொழிலாளர் என்று எழுதப்பட்டிருந்த சைக்கிள் கூரியர் ஒருவர் உண்மையில் விடுப்பு ஊதியத்துக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் உரிமையுள்ள தொழிலாளரே என்று தீர்ப்பளித்தது. ஸ்பெயினில் 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டம், செயலிகள் வழியாக வேலை பெறும் டெலிவரி ஓட்டுநர்களை ஊழியர்களாகவே கருத வேண்டும் என்கிறது. கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அடிபட்டால் காப்பீடு யாருடையது, காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா, புயல் மழையில் ஒரு வேலையை மறுத்தால் அடுத்தநாள் வேலை குறையுமா. கடைசிக் கேள்விக்கு நிறுவனம் தரும் விடையைவிட, அங்கேயே வேலை செய்யும் இரண்டு பேர் தரும் விடையை நம்புங்கள்.