பழைய லேப்டாப்பில் ஹோம் அசிஸ்டன்ட்: நிறுவுவதிலிருந்து மோட்டார் ஓட்டுவது வரை

வீட்டில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடந்தால், ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருளை அதில் போடுங்கள். ஸ்மார்ட் பிளக், சென்சார், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க அதுவே போதும், புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் நல்ல பொருள்தான், ஆனால் அதற்குத் தனியாக அடாப்டர், எஸ்எஸ்டி, பெட்டி என்று வாங்கி முடிப்பதற்குள் விலை எங்கோ போய் நிற்கும். லேப்டாப்பில் பேட்டரி உள்ளேயே இருப்பதால் கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சின்னதாக ஒரு எஸ்எஸ்டி, 64 பிட் பிராசசர், இவ்வளவுதான் தேவை. 32 பிட் இயந்திரங்களுக்கான ஆதரவை நிறுத்துவதாக ஹோம் அசிஸ்டன்ட் குழுவினர் 2025-லேயே அறிவித்துவிட்டார்கள், அதனால் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிட்டு இன்வெர்ட்டர் லைனில் ஓட்டுங்கள், இருபத்து நாலு மணி நேரமும் சார்ஜில் கிடக்கப்போகிற பொருள் அது.

ஹோம் அசிஸ்டன்ட்டைப் பாலஸ் ஸ்கௌட்சன் என்பவர் 2013-ல் பைத்தானில் எழுத ஆரம்பித்தார், 2024 முதல் ஓப்பன் ஹோம் பவுண்டேஷன் என்ற அமைப்பின் கையில் இருக்கிறது. இலவசம், மூலநிரல் திறந்தது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: நெட் போனாலும் வீட்டுக்குள் வேலை நடக்கும். ஆனால் அது தானாக அமைந்துவிடாது, வாங்கும் பொருளையும் எழுதும் விதியையும் அதற்கேற்றபடி பார்த்துச் செய்ய வேண்டும்.

நிறுவ இரண்டு வழிகள் உண்டு. லேப்டாப்பை இதற்கென்றே ஒதுக்கிவிட்டீர்கள், அதில் யுஇஎஃப்ஐ பூட் (புதிய வகைத் தொடக்க முறை) இருக்கிறது என்றால், விண்டோஸுக்குப் பதிலாக ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ்ஸையே போட்டுவிடுங்கள். அதில் கூடுதல் மென்பொருள்களை ஒரே கிளிக்கில் சேர்க்கலாம், டெர்மினல் பக்கமே போக வேண்டாம். அதே இயந்திரத்தில் படம், பாட்டு, பேக்கப் என்று வேறு வேலையும் நடக்க வேண்டும் என்றால் சாதாரண லினக்ஸில் டாக்கர் கன்டெய்னராக, அதாவது மற்றவற்றோடு கலக்காமல் தனி டப்பாவுக்குள் ஓடும் மென்பொருளாக, ஓட்டுவதுதான் சரி. பழைய பதிவுகளில் 'சூப்பர்வைஸ்டு', 'கோர்' என்று இரண்டு முறைகளைப் பார்ப்பீர்கள். அவற்றையும் கைவிட்டுவிட்டார்கள், புதிதாக அந்தப் பக்கம் போகாதீர்கள். இனி இங்கே சொல்வதெல்லாம் கன்டெய்னர் வழிக்கு.

டெபியன் என்ற லினக்ஸை நிறுவும்போது டெஸ்க்டாப் எதையும் தேர்ந்தெடுக்காமல், வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரை மட்டும் டிக் செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு காரியங்கள். மூடியைச் சாத்தினால் என்ன செய்வது என்பதைக் கவனிக்கும் சிஸ்டம்டியின் லாகின்டி அமைப்புக் கோப்பில் 'லிட் ஸ்விட்ச்' என்று இருக்கும் வரியை 'இக்னோர்' என்று மாற்றுங்கள், இல்லையென்றால் மூடியைச் சாத்தியதும் வீடு முழுக்கத் தூங்கிவிடும். அப்புறம் ரவுட்டரில் இந்த லேப்டாப்பின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) நிரந்தரமாக ஒரு ஐபியை ஒதுக்குங்கள். முடிந்தால் வைஃபை வேண்டாம், லேன் கேபிள் போடுங்கள்.

டாக்கரில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். டாக்கர் டெஸ்க்டாப் இதற்கு ஆகாது, டாக்கர் எஞ்சின்தான் வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸில் ஸ்னாப் பொதியாக வரும் டாக்கரும் யுஎஸ்பி கருவிகளைத் தொடவிடாமல் படுத்தும். டாக்கரின் சொந்த ரெப்போவை (மென்பொருள் கிடங்கு) சேர்த்து ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை மூலம் நிறுவுங்கள். ஹோம் அசிஸ்டன்ட் தளத்தின் லினக்ஸ் பக்கத்தில் கன்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்லும் கம்போஸ் கோப்புக்கான துண்டு தயாராக இருக்கிறது, அதை நகலெடுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த வரி எதற்கு என்று தெரியாமல் ஒட்டாதீர்கள்.

'நெட்வொர்க் மோட் ஹோஸ்ட்' என்ற வரி கன்டெய்னரை வீட்டு நெட்வொர்க்கில் நேரடியாக உட்கார வைக்கிறது. அதை எடுத்துவிட்டு 8123 போர்ட்டை மட்டும் திறந்தால் பக்கம் என்னவோ வரும், ஆனால் டிவி, ஸ்பீக்கர், பல்பு எதையும் அது தானாகக் கண்டுபிடிக்காது. 'கான்பிக்' ஃபோல்டரை லேப்டாப்பில் உள்ள ஒரு ஃபோல்டரோடு இணைக்கும் வரிதான் உயிர்நாடி. கன்டெய்னரை அழித்து மறுபடி உருவாக்கினாலும் உங்கள் அமைப்புகள் அங்கேயே இருக்கும். டிபஸ் வரி ப்ளூடூத்துக்கு. நேர மண்டலம் கேட்கும் இடத்தில் நீங்கள் இருக்கும் ஊருக்கு உரியதைக் கொடுங்கள், இந்தியா என்றால் ஆசியா/கொல்கத்தா. 'ரீஸ்டார்ட் அன்லெஸ் ஸ்டாப்ட்' இருந்தால் லேப்டாப் அணைந்து எழுந்தாலும் தானாக ஓட ஆரம்பிக்கும். கோப்பைச் சேமித்து, கம்போஸை 'அப்' செய்து, சில நிமிடம் விட்டு உலாவியில் அந்த ஐபியோடு 8123 போர்ட்டைத் திறந்தால் கணக்கு உருவாக்கும் பக்கம் வரும். வரவில்லையா, யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் ஓடுகிறதா பாருங்கள். ஹோஸ்ட் மோடில் அதன் விதிகள் செல்லும், 8123-ஐத் திறந்துவிட வேண்டும். சாதாரண முறையில் போர்ட் திறக்கும் மற்ற கன்டெய்னர்களுக்கு இது நேர்மாறு, டாக்கர் யுஎஃப்டபிள்யூவைத் தாண்டிப் போய்த் தானே கதவைத் திறந்துவிடும். இது தெரியாமல் ஃபயர்வாலை நம்பி இருப்பவர்கள் ஏராளம்.

ஜிக்பீ என்ற, வைஃபை இல்லாமல் பேசும் வயர்லெஸ் முறையில் ஓடும் சென்சார்கள் வேண்டும் என்றால் யுஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்கணும். அதை லேப்டாப்பில் நேராகச் செருகாதீர்கள். யுஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் வரும், ஜிக்பீ பேசுவதும் அதே அலைவரிசைதான். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வைத்தாலே, அடிக்கடி காணாமல் போகும் சென்சார்கள் அடங்கிவிடும். கம்போஸில் டாங்கிளைக் காட்டும்போது 'டிடிஒய் யுஎஸ்பி 0' என்று எழுதாமல், சீரியல் ஃபோல்டருக்குள் 'பை ஐடி' என்பதில் இருக்கும் நீளமான பெயரைக் கொடுங்கள். முன்னது ரீபூட்டில் மாறலாம், இது மாறாது. உபுண்டு 22.04-ல் டாங்கிள் செருகியும் தென்படவில்லை என்றால் பிஆர்எல்டிடிஒய் என்ற பொதியைச் சந்தேகப்படுங்கள். பிரெய்ல் திரைகளுக்கான மென்பொருள் அது, சில யுஎஸ்பி சீரியல் சிப்புகளைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். பிரெய்ல் திரை பயன்படுத்தாதவர்கள் நீக்கிவிடலாம்.

கடையில் கிடைக்கும் ஸ்மார்ட் பிளக்குகள் பலவற்றின் உள்ளே இருப்பது டுயா என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பம். அதிகாரப்பூர்வ இணைப்பு கிளவுட் வழியாகப் போகிறது, நெட் போனால் பிளக்கும் போச்சு. அதனால் வாங்கும்போதே, நெட் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே பேசும் ஜிக்பீ, மேட்டர் முறைகளோ, கருவிக்குள் போடும் டாஸ்மோட்டா, இஎஸ்பிஹோம் மென்பொருள்களோ இவற்றில் ஒன்று ஓடுமா என்று பார்த்து வாங்குங்கள். டாஸ்மோட்டாவுக்கு எம்க்யூடிடி புரோக்கர், அதாவது கருவிகளின் செய்திகளை வாங்கிக் கைமாற்றும் மென்பொருள், வேண்டும். மொஸ்கிட்டோ என்ற புரோக்கரை இன்னொரு கன்டெய்னராகப் போட்டால் போதும், ஆனால் பதிப்பு 2 முதல் அமைப்புக் கோப்பில் எந்த போர்ட்டில் கேட்க வேண்டும் என்று சொல்லும் லிசனர் வரியும் பாஸ்வேர்டு கோப்பும் கொடுக்காவிட்டால் அது வெளியிலிருந்து யாரையும் உள்ளே விடாது. அதை நிறுவியும் எதுவும் சேரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இப்போது மோட்டார். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதுதான் பலரும் முதலில் கேட்பது, ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதும் இதில்தான். 1 எச்பி மோட்டார் தரும் சக்தி ஏறக்குறைய 750 வாட், ஓடும்போது அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும், கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஸ்மார்ட் பிளக்கின் ரிலேவில் (உள்ளே இருக்கும் மின் ஸ்விட்ச்) நேரடியாக மாட்டினால் ஒரு நாள் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும், ஆப்பில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து பெரிய கரண்ட்டைத் தாங்கும் ஸ்விட்ச்சான கான்டாக்டர் ஒன்று போடுங்கள், உங்கள் ரிலே அதன் காயிலை மட்டும் இயக்கட்டும். பழைய கை ஸ்விட்ச்சையும் விட்டுவையுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கு மோட்டார் போட உங்கள் ஃபோன் தேவைப்படக் கூடாது.

நிறுத்தும் நேரத்தையும் ஹோம் அசிஸ்டன்ட்டை நம்பி விடக் கூடாது. 'ஆன் செய், 20 நிமிடம் பொறு, ஆஃப் செய்' என்று ஆட்டோமேஷன் எழுதி, நடுவில் அது ரீஸ்டார்ட் ஆனால் அந்தக் காத்திருப்பு காற்றோடு போய்விடும், ஆஃப் வரவே வராது. அந்த டைமரை ரிலே கருவிக்குள்ளேயே வையுங்கள். டாஸ்மோட்டாவில் குறித்த நேரத்தில் தானாக ஆஃப் செய்யும் பல்ஸ்டைம் என்ற கட்டளை இருக்கிறது, இஎஸ்பிஹோமில் ஆன் ஆனதும் ஓடும் ஸ்கிரிப்டாக எழுதலாம். டாஸ்மோட்டா வழக்கமாகக் கரண்ட் போய் வந்ததும் முன்பிருந்த நிலைக்கே திரும்பும், மோட்டாருக்கு அதை மாற்றி எப்போதும் ஆஃபில் எழும்படி வையுங்கள். தொட்டியில் நீர்மட்டம் பார்க்கும் ஃப்ளோட் ஸ்விட்ச் இருந்தால் அதன் ஒயரையும் அதே கருவிக்குக் கொண்டுவாருங்கள். கரண்ட் அளக்கும் சென்சாரும் இருந்தால் இன்னும் நல்லது. மேலே வைத்த சாதாரண பம்பு தண்ணீர் இல்லாமல் ஓடும்போது இழுக்கும் வாட் குறையும், அதைப் பார்த்து நிறுத்திவிடலாம்.

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறக்காதீர்கள். பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து தரும் சிஜிநாட்டுக்குள் வைத்திருக்கும் நெட் இணைப்பாக இருந்தால் அது வேலையும் செய்யாது. லேப்டாப்பிலும் ஃபோனிலும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சென்சார்களின் பழைய அளவீடுகள் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளக் கோப்பில் சேரும், சும்மா விட்டால் 10 நாள் வைத்திருக்கும். நொடிக்கொரு முறை வோல்டேஜ் அனுப்பும் பிளக்குகளை, இவற்றைப் பதியும் பகுதியான ரெக்கார்டரிலிருந்து விலக்கினால் எஸ்எஸ்டி பிழைக்கும்.

புதுப் பதிப்பு மாதாமாதம் முதல் புதன்கிழமை வரும். அன்றே பாயாமல், இரண்டு வாரம் கழித்துத் திருத்தங்கள் வந்தபின், மாற்றக் குறிப்பில் நீங்கள் வைத்திருக்கும் கருவிகளின் பெயர் இருக்கிறதா என்று தேடிவிட்டு, பேக்கப் எடுத்துவிட்டு, புதுப் பதிப்பின் இமேஜை (கன்டெய்னருக்கான கோப்பு) இறக்கி கம்போஸை மறுபடி அப் செய்யுங்கள். பேக்கப் வசதி செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பூட்டும் சாவியை முதல் முறை கேட்கும்போதே இறக்கிக்கொண்டு, பேக்கப் கோப்போடு சேர்த்து லேப்டாப்புக்கு வெளியே, ஒரு பென் டிரைவிலாவது வைத்துவிடுங்கள்.