மின்சாரத்தால் குடிதண்ணீரைச் சுத்தம் செய்தல்: கடலோர ஊர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடலோரத்தில் தண்ணீரை முதலில் சோதிப்பது நாக்குதான். ஒரு மிடறு குடித்துவிட்டு உப்பு, சவர், நல்ல தண்ணி என்று பெயர் வைத்துவிடுவோம். தனுஷ்கோடிப் பக்கம் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் அள்ளும் தண்ணீர் இனிக்கும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேலே மிதந்து நிற்பதால் அந்த இனிப்பு. ஆனால் அது இரண்டு மூன்று முழ ஆழத்துத் தண்ணீர். பக்கத்தில் கழிப்பறைக் குழி இருந்தால் கிருமி அதில் வந்து சேரும். நாக்குக்கு அது தெரியாது.

மின்சாரத்தால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவி வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. தங்கள் தண்ணீரில் என்ன குறை என்று பார்க்காமல் ‘கரண்ட் வச்சா எல்லாம் போயிரும்’ என்று நம்பிவிடுகிறார்கள். அப்படி எல்லாவற்றையும் போக்கும் கருவி கிடையாது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் குளோரின் உண்டாக்கும் கருவி கிருமியைக் கொல்லும், உப்பைக் குறைக்காது. சவ்வுகளுக்கு நடுவே மின்சாரம் விட்டு உப்பை இழுத்தெடுக்கும் எலக்ட்ரோடயாலிசிஸ் முறை கிருமியை அப்படியே விட்டுவிடும். இரும்புத் தகடோ அலுமினியத் தகடோ கரைந்து கலங்கலைத் திரட்டும் முறைக்கு உப்பும் போகாது, அதை மட்டும் நம்பிக் குடிக்கவும் முடியாது. அதனால் முதலில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள்.

வாசலுக்கு வரும் விற்பனையாளர் காட்டும் சோதனையை நம்பிப் பணம் கட்டியவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் நம் வீட்டு போர் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ., அதாவது சவ்வில் வடித்து உப்பெடுத்த தண்ணீர். நான்கு கால் வைத்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போடுவார். இரண்டே நிமிடத்தில் நம் தண்ணீர் கரும்பச்சையாகி, துருநிறத்தில் கசடு மிதக்கும். மற்ற டம்ளர் தெளிவாகவே நிற்கும். ‘இதைத்தான்மா பிள்ளைக்குக் குடுக்கிறீங்க’ என்பார். எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும்.

அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததே இல்லை. கருவியின் கால்கள் இரும்பும் அலுமினியமும். உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், இரும்பு கரைந்து துருவாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் பாயாது, இரும்பும் கரையாது. அவருடைய டம்ளரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள், அதுவும் அதே நிறமாகும்.

அடுத்தது, வீட்டிலேயே குளோரின் தயாரிக்கும் ஆசை. படகு பேட்டரியும் இரண்டு எவர்சில்வர் கரண்டியும் போதும் என்று யாரோ சொல்லக் கேட்டுச் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நேர்முனையில் எவர்சில்வர் அரித்து, குரோமியமும் நிக்கலும் கரைசலில் இறங்கும். குரோமியத்தின் ஒரு வடிவம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. இந்த வேலைக்கென்றே ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் தகடு இருக்கிறது. அந்தப் பூச்சுதான் கருவியின் உயிர். வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு ஏறினால் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள், ஆனால் கரைசலை முழுவதும் கொட்டிக் கழுவிய பிறகு மட்டும். குளோரின் கரைசலோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் நச்சு வாயு கிளம்பும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, கடல்நீரையே ஊற்றினால் என்ன என்று கேட்கிறார்கள். அனல்மின் நிலையங்களில் குளிர்விப்புக் குழாயில் சிப்பி ஒட்டாமலிருக்கக் கடல்நீரைத்தான் இப்படி மின்பகுக்கிறார்கள். அது குடிக்கிற தண்ணீர் அல்ல. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 65 மில்லிகிராம் புரோமைடு உண்டு. மின்பகுப்பில் அது புரோமேட் என்ற கேடான பொருளாக மாறலாம். குடிநீரில் புரோமேட் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுத்திகரித்த தூள் உப்பையே பயன்படுத்துங்கள்.

அளவு விஷயத்தில் கண்ணை நம்பவே கூடாது. சிறு கருவிகள் தரும் கரைசலில் பொதுவாக லிட்டருக்கு 6 கிராம் குளோரின் இருக்கும். தெளிந்த தண்ணீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று கணக்கிட்டால், 1000 லிட்டர் தொட்டிக்கு சுமார் 330 மில்லி. கலங்கல் தண்ணீரில் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும், அதனால் முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும். கலந்த பிறகு அரை மணி நேரமாவது காத்திருங்கள். காரத்தன்மை 8.5 பி.எச். வரை ஏறிய தண்ணீரில் கிருமி கொல்லும் வீரியமான வடிவம் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அங்கே இன்னும் அதிக நேரம் தேவை.

கருவி ஓடும்போது ஹைட்ரஜனும் கிளம்பும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும் வாயு அது. ஜன்னல் இல்லாத மோட்டார் அறையில் வைக்காதீர்கள். தயாரித்த கரைசல் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் வீரியம் இழக்கும், வெளிச்சம் புகாத பிளாஸ்டிக் கேனில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.

ஆர்.ஓ. இருக்கும் இடத்தில் குளோரினை அதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்னால் சேர்த்தால் சவ்வு பாழாகும். சேர்க்காமலே விட்டால், தள்ளுவண்டியில் குடத்தில் வந்து, திறந்த பானையில் கைபட்ட செம்பால் மொள்ளும்போது கிருமி மறுபடி ஏறும்.

அப்புறம், ஊராட்சித் தொட்டிக்குக் கருவி வைத்த ஊர்களில் தண்ணீரில் மிஞ்சிய குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பைத் தொட்டிக்கு அடியில் உள்ள குழாயிலேயே பிடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்தியத் தரப்படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டிய இடம் தண்ணீர் பிடிக்கும் இடம். அதனால் தெருக்கோடிக் குழாயில் பிடித்துப் பாருங்கள்.