அணைத்த பிறகும் மீண்டும் எரியும் எஞ்சின் விளக்கு: பழைய பிக்கப் வண்டியில் காரணம் தேடும் முறை

காசிமேட்டில் விடியுமுன் மீன் பெட்டி ஏற்றிக் கிளம்பும் பழைய டீசல் பிக்கப் வண்டிகளில், செக் எஞ்சின் விளக்கு எரிவதும், மெக்கானிக் ஸ்கேனரைப் போட்டு அதை அணைப்பதும், நான்காம் நாள் அது மறுபடி எரிவதும் வாடிக்கையாகிவிட்டன. ஸ்கேனர் அழித்தது பழுதை அன்று. இசியு எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி எழுதி வைத்திருந்த குறிப்பை மட்டுமே. காரணத்தைத் தேட அந்தக் குறிப்புதான் முதல் தடயம் என்பதால், வண்டியைப் பட்டறையில் விடும்போதே, “எழுதி வைக்காமல் எதையும் அழிக்காதீங்க அண்ணே” என்று சொல்லிவிடுங்கள். விளக்கு தானாக அணைந்துவிட்டாலும் நம்ப வேண்டாம். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பழுது தென்படாவிட்டால் விளக்கு அணையும். குறிப்பு உள்ளேயே இருக்கும்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்து, வண்டி வழக்கம்போல் இழுத்தால், மெதுவாக ஓட்டிச் சென்று பார்த்துக்கொள்ளலாம். ஆயில் பிரஷர் விளக்கோ, எஞ்சின் சூட்டைக் காட்டும் விளக்கோ சிவப்பாக எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

பாரத் நிலை 4 என்னும் புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு, பழுதைத் தானே கண்டறிந்து பதியும் ஓபிடி-2 முறை 2013 ஏப்ரல் முதல் கட்டாயமானது. அத்தகைய வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். செல்போனுடன் இணையும் சிறிய ஸ்கேனரே அதற்குப் போதும். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் ஸ்கேனர் தேவைப்படும். இசியு எழுதிய குறிப்பின் அடையாளமான கோடு (code) எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்னும் பக்கத்தையும் திறந்து குறித்துக்கொள்ளுங்கள். பழுது பதிவான நொடியில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது, வண்டி எந்த வேகத்தில் சென்றது என்பதெல்லாம் அதில் இருக்கும்; என் அனுபவத்தில் கோடு எண்ணைவிட இந்தப் பக்கமே அதிகம் பேசுகிறது. எடுத்துக்காட்டாக, பி0087 என்பது, இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் குழாயான எரிபொருள் ரெயிலில் அழுத்தம் குறைந்ததைக் குறிக்கும். முழுச் சுமையுடன் மேம்பாலம் ஏறும்போது அது பதிவாகியிருந்தால், முதலில் டீசல் ஃபில்டரையும் டேங்கிலிருந்து வரும் குழாயையும் சந்தேகிக்க வேண்டும். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலில் பதிவாகியிருந்தால் கசிவு, சென்சார், ஒயரிங் என்று தேடல் திசை மாறும். பி0401 என்பது, புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு வழியே போதிய புகை திரும்பாததைக் குறிக்கும். துறைமுக வரிசையில் மணிக்கணக்கில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் வண்டிகளில் அந்த வால்வில் கரி படிவது இயல்பு.

கோடு எந்த மின்சுற்றிலிருந்து புகார் வந்தது என்று சொல்லுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. இது எனக்குப் பணம் செலவழித்தே புரிந்தது. எங்கள் வண்டியில் ரெயில் பிரஷர் சென்சாரை இரண்டு முறை மாற்றியும் விளக்கு திரும்பி வந்தது. அதனுடன் தொடர்பே இல்லாத வேறு இரண்டு கோடுகளும் கூடவே பதிவாகியிருந்ததை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோடுகள் ஒன்றாக வந்தால், அவற்றுக்குப் பொதுவானதைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் பேட்டரியாகவோ எர்த்தாகவோ இருக்கும். எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் ஒயரின் உறை வெளியே நன்றாகவே தெரிந்தது; ஒயர் முனையை போல்ட்டில் பூட்டும் லக்குக்கு அருகில் மட்டும் சற்று உப்பியிருந்தது. அந்த இடத்தில் கத்தியால் கீறியபோது, செம்பு இழைகள் களிம்பேறிப் பச்சைப் பொடியாக விரலில் உதிர்ந்தன. கடல் காற்றும், மீன் பெட்டியிலிருந்து சொட்டும் உப்பு நீரும், மழைக்காலத்தில் வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீரும் வடசென்னை வண்டிகளுக்குச் செய்யும் வேலை இது.

ஆகவே சென்சார் வாங்குமுன் மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரையிலும் காட்ட வேண்டும். பிறகு ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அளவு 0.2 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது, 0.5ஐத் தாண்டினால் எர்த் இணைப்பைக் கழற்றி, துருவைத் தேய்த்து, தேவையானால் ஒயரையே மாற்ற வேண்டும். அடுத்து, எஞ்சின் ஐடிலில் ஓட, ஸ்கேனரில் கோடு சுட்டும் சென்சாரின் அளவைப் பார்த்தபடியே அதன் ஒயரையும், ஒயர் இணையும் கப்ளரையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். எண் திடீரெனத் துள்ளும் இடத்தில்தான் பழுது ஒளிந்திருக்கிறது. ஃபேன், பெல்ட் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டாம். கப்ளர் பின்களைக் காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டுப் பூட்டலாம். ரெயில் குழாய்களை மட்டும் எஞ்சின் ஓடும்போது தளர்த்திப் பார்க்கவே கூடாது. காமன் ரெயிலில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். ஊசிமுனைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும்.

சரிசெய்த பின்னரே கோடு எண்ணை அழிக்க வேண்டும். அழித்த பிறகு, ஃப்ரீஸ் ஃப்ரேமில் குறித்து வைத்த அதே சுமை, அதே வேகம், அதே சூட்டில் சில நாள் ஓட்டிவிட்டு, விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேனரில், இன்னும் விளக்கை எரியவைக்காத கோடுகளைக் காட்டும் ‘பெண்டிங்’ பக்கத்தை ஒருமுறை திறந்து, அங்கே எதுவும் காத்திருக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.