மதுரையில் போன் தொலைந்தால்: முதலில் எது, அப்புறம் எது

போன் காணோம் என்றதும் எல்லோரும் செய்வது, பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி அந்த நம்பருக்கு அடித்துப் பார்ப்பது. ரெண்டு தடவை அடிக்கலாம். ஆட்டோவில் விட்டிருந்தால் டிரைவர் எடுத்துப் பேசுவார். மாட்டுத்தாவணி டீக்கடையில் விட்டிருந்தால் கடைக்காரர் எடுப்பார். ‘சுவிட்ச் ஆஃப்’ என்று வந்துவிட்டால் அதற்கு மேல் அடிப்பதில் பயன் இல்லை. அதுவும் எதிர்சேவைக் கூட்டத்திலோ, அழகர் ஆற்றில் இறங்கும் நெரிசலிலோ போன போன் என்றால் திருட்டு என்றே வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

போனின் விலை 15,000 ரூபாய் இருக்கலாம். உள்ளே இருக்கும் சிம்தான் அதைவிடப் பெரிய சொத்து. பேங்க் ஓடிபி, ஆதார் ஓடிபி, வாட்ஸ்அப், ஜிமெயில் மீட்பு எல்லாம் அந்த ஒரு நம்பரில்தான் தொங்குகின்றன. ஸ்கிரீன் லாக் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஒரு ஊக்கால் டிரேயைத் தள்ளி சிம்மை உருவி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வந்து விழும். உங்கள் லாக் அதைத் தடுக்காது.

அப்படியானால் முதல் வேலை சிம் பிளாக்தானே? கிட்டத்தட்ட. அதற்கு முன் ஐந்து நிமிடம் மட்டும் வேறொன்றுக்குக் கொடுங்கள். சிம்மை நிறுத்தினால் போனில் டேட்டாவும் நின்றுவிடும். அதன்பிறகு போன் எங்கே இருக்கிறது என்று பார்க்கவோ, தூரத்திலிருந்து பூட்டவோ பெரும்பாலும் வழி இருக்காது. ஆகவே பூட்டிவிட்டு சிம்மை நிறுத்துவதுதான் சரியான வரிசை.

முதலில் பூட்டு

ஆண்ட்ராய்டு என்றால் நண்பரின் போனில் பிரவுசரை இன்காக்னிட்டோவில் திறந்து, கூகுளின் ‘ஃபைண்ட் ஹப்’ பக்கத்துக்குப் போய் உங்கள் ஜிமெயிலில் நுழையுங்கள். ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ என்று முன்பு இருந்தது இதுதான். அங்கே மூன்று காரியம் செய்யலாம். ஒலி எழுப்பலாம், சைலண்டில் இருந்தாலும் ஐந்து நிமிடம் முழுச் சத்தத்தில் அடிக்கும். பூட்டலாம், பூட்டிய திரையில் ‘இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்’ என்று வீட்டு நம்பரைப் போடலாம். மூன்றாவது, முழுவதும் அழிப்பது. அதை இப்போதே அமுக்காதீர்கள். அழித்த பிறகு இடம் காட்டாது. மீட்கும் நம்பிக்கை போன பிறகு அழித்தால் போதும்.

பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான்: ஜிமெயிலுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருப்பார்கள், அந்த ‘நீங்கள்தானா?’ கேள்வி தொலைந்த போனுக்கே போகும். கூகுள் தரும் பேக்கப் கோடுகளை (எட்டு இலக்கம், மொத்தம் பத்து) முன்பே ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்திருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் ஏற்கெனவே அதே ஜிமெயில் திறந்திருக்கும் வீட்டு லேப்டாப்பைத் தேடிப் போக வேண்டியதுதான்.

ஐபோன் என்றால் ஐகிளவுட் தளத்தில் ‘ஃபைண்ட் டிவைசஸ்’ பகுதிக்குப் போய் ‘லாஸ்ட் மோட்’ போடுங்கள். இந்த ஒரு பகுதிக்கு மட்டும் பாஸ்வேர்டு போதும், தனி கோட் கேட்காது. கணக்கிலிருந்து போனை நீக்கும் பட்டனை மட்டும் தொடக் கூடாது. நீக்கினால், உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் போனைப் பயன்படுத்த விடாத ஆக்டிவேஷன் லாக் போய்விடும். திருடியவருக்குப் போனைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி. சில நாள் கழித்து ‘உங்கள் ஐபோன் கிடைத்துவிட்டது, இந்த லிங்கில் பாஸ்வேர்டு போடவும்’ என்று எஸ்எம்எஸ் வரும். அது திருடிய கூட்டம் அனுப்புவது.

வரைபடத்தில் புள்ளி தெரிந்தால் நேரே கிளம்பிவிடாதீர்கள். மாசி வீதி மாதிரி கட்டடங்கள் ஒட்டி நிற்கும் இடத்தில் புள்ளி நாலு கடை தள்ளியும் காட்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து நேரத்தோடு போலீஸிடம் கொடுங்கள்.

சிம்

சிம் நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு வேறு போனிலிருந்து பேசி, போன் திருடு போனது, சிம்மை உடனே நிறுத்துங்கள் என்று சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, கடைசி ரீசார்ஜ் என்று சரிபார்ப்பார்கள். இ-சிம்முக்கும் இதே வழிதான். பிறகு அசல் ஆதாரோடு அவர்களின் ஷோரூமுக்குப் போய் அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே போக வேண்டும். நம் பக்கம் அப்பா பெயரிலும், மச்சான் பெயரிலும், வேலை பார்த்த கடை முதலாளி பெயரிலும் சிம் ஓடுவது சகஜம். அந்த ஆள் திருப்பூரிலோ துபாயிலோ இருந்தால் அன்றைக்கு வேலை நடக்காது. இன்னொருவர் பெயரில் சிம் ஓட்டுபவர்கள் சும்மா இருக்கும்போதே பெயரை மாற்றிக்கொள்வது நல்லது.

புது சிம் போட்டதும் பேச முடியும், ஆனால் எஸ்எம்எஸ் வராது. 24 மணி நேரம் வரை இப்படி இருக்கும். சிம் பழுது என்று மறுபடி ஷோரூமுக்கு ஓட வேண்டாம். டூப்ளிகேட் சிம் மோசடியைத் தடுக்கப் போட்ட விதி அது. அந்த நேரத்தில் உங்களுக்கும் ஓடிபி கிடைக்காது என்பதால், அடுத்து வரும் பேங்க் வேலையை ஆப்பை நம்பாமல் போன் பேசியோ கிளைக்கு நேரில் போயோ முடியுங்கள்.

பணம்

பேங்க் நம்பரை கூகுளில் தேடாதீர்கள். ‘கஸ்டமர் கேர்’ என்று தேடினால் மேலே வருவதில் போலிகள் உண்டு. பதற்றத்தில் இருப்பவர்தான் அவர்களுக்கு வேண்டும். டெபிட் கார்டின் பின்பக்கமும் பாஸ்புக்கும் போதும். யுபிஐ, மொபைல் பேங்கிங் இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். கவரில் கார்டும் இருந்திருந்தால் அதையும் சேர்த்து. புகார் எண் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

யுபிஐ பின் தெரியாமல் கணக்கிலிருந்து எடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் சின்னத் தொகைகளுக்கான யுபிஐ லைட், பின் கேட்காது. அதில் 5,000 ரூபாய் வரை வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை போகும். போன் திறந்த நிலையில் கைமாறியிருந்தால் அந்தப் பணம் சட்டைப்பையில் இருந்த ரொக்கம் போனதற்குச் சமம்.

கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930. தேசிய சைபர் குற்ற உதவி எண் இது. கணக்கு எண், தொகை, நேரம், யுபிஐயின் 12 இலக்கக் குறிப்பு எண் நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்க வேண்டும் என்பதால் இங்கே மணிக்கணக்கு முக்கியம். அப்புறம் கிளைக்கு ஒரு கடிதம் கொடுத்து நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளர் மீதோ வங்கி மீதோ தவறில்லாமல் வெளியாள் செய்த மோசடியை மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலைநாளுக்குள் என்றால் ஒரு வரம்புவரை நஷ்டம் உங்கள் தலையில். நீங்களே பின்னை யாருக்காவது சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்களுடையது. போனின் பின்னட்டையில் பின்னை எழுதி ஒட்டியிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதையும் கவனக்குறைவு என்றுதான் வங்கி வாதாடும். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் சரியில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்; விவரத்துக்கு 14448.

ஸ்டேஷன்

மாநகருக்குள் தொலைந்தால் அந்தப் பகுதி காவல் நிலையம், கமிஷனரின் கீழ். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி பக்கம் என்றால் மாவட்ட எஸ்.பி.யின் கீழ். ரயிலிலோ மதுரை ஜங்ஷன் பிளாட்பாரத்திலோ போனால் ரயில்வே போலீஸ். ஓடும் ரயிலிலிருந்தே 139-க்குச் சொல்லலாம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று அலையவிடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது. மறுத்தால் எழுத்தில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், மாநகர் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு.

புகாரில் கதை வேண்டாம். இவ்வளவு போதும் (ஐஎம்இஐ என்பது போனுக்குரிய 15 இலக்க அடையாள எண்; சஞ்சார் சாத்தி என்பது தொலைந்த போனை முடக்க உதவும் அரசுத் தளம்):

‘இன்று மாலை சுமார் 6.40 மணிக்கு மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் மேலூர் பேருந்தில் ஏறும்போது, என் சட்டைப்பையில் இருந்த கறுப்பு நிற போன் (கம்பெனி, மாடல்) திருடப்பட்டது. ஐஎம்இஐ 1, ஐஎம்இஐ 2, உள்ளிருந்த சிம் எண்கள், வாங்கிய தேதி, பில் விலை கீழே உள்ளன. போனைக் கண்டுபிடித்துத் தரவும், சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கப் புகார் ரசீது தரவும் வேண்டுகிறேன்.’

‘திருட்டு’ என்று எழுதினால் வழக்கு போட வேண்டியிருக்கும் என்பதால் ‘தவறவிட்டேன் என்று எழுதுங்க, சீக்கிரம் முடியும்’ என்று ஸ்டேஷனில் சொல்வதுண்டு. நிஜமாகவே எங்கே விட்டோம் என்று தெரியவில்லையென்றால் அப்படியே எழுதுங்கள். பாக்கெட்டிலிருந்து உருவப்பட்டது என்று தெரிந்தால் மாற்றாதீர்கள். போன் இன்சூரன்ஸில் பல பாலிசிகள் திருட்டுக்குத்தான் பணம் தரும், தவறவிட்டதற்குத் தராது, எப்.ஐ.ஆர். நகலும் கேட்பார்கள். விலையை எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு: புதுச் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டு, போலீஸ் தானாக எப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கும் வகையில் வராது. எப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். எப்.ஐ.ஆர். போடாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தாலும் அதில் நம்பரும் ஸ்டேஷன் சீலும் இருக்கின்றனவா, ஐஎம்இஐ சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துவிட்டு வாருங்கள். 15 இலக்கத்தில் ஒன்று மாறினாலும் அடுத்த படி வீண்.

ஐஎம்இஐ எங்கே கிடைக்கும்? போன் பெட்டியின் ஸ்டிக்கரில், ஜிஎஸ்டி பில்லில். பெட்டியை எடைக்குப் போட்டிருந்தால் கூகுளின் ஃபைண்ட் ஹப் பக்கத்தில் போன் விவரத்தில் இருக்கும்.

போனை முடக்குவது

சஞ்சார் சாத்தி என்பது தொலைத்தொடர்புத் துறையின் தளம், 2023 மே மாதம் நாடு முழுக்க வந்தது; ஆப்பும் உண்டு. அதில் ‘தொலைந்த போனை முடக்க’ என்ற பகுதிதான் சி.இ.ஐ.ஆர். நம்பர்கள், இரண்டு ஐஎம்இஐ, கம்பெனி, மாடல், தொலைந்த இடம், தேதி, மாவட்டம், ஸ்டேஷன், புகார் எண் எல்லாம் நிரப்பி, புகார் ரசீதும் அடையாள அட்டையும் ஏற்ற வேண்டும். பில் இருந்தால் அதையும். கேமராவில் எடுத்த பெரிய போட்டோ ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பி இறக்கினால் அளவு சுருங்கிவிடும். கடைசியில் ஓடிபி வரும்; அதனால் டூப்ளிகேட் சிம்மில் எஸ்எம்எஸ் வர ஆரம்பித்த பிறகு இதற்கு உட்காருங்கள். முடிந்ததும் வரும் ரிக்வெஸ்ட் ஐடியை இரண்டு இடத்தில் எழுதி வையுங்கள்.

இரட்டை சிம் போனில் ஒரு ஐஎம்இஐ மட்டும் கொடுத்தால் இன்னொரு ஸ்லாட் வேலை செய்துகொண்டே இருக்கும். இது அடிக்கடி நடக்கும் பிழை.

24 மணி நேரத்துக்குள் அந்த போன் முடங்கிவிடும், நாட்டில் எந்த நெட்வொர்க்கிலும் சிம் எடுக்காது. வைஃபையில் வீடியோ பார்க்கலாம், கேமரா வேலை செய்யும். போனாக வேலை செய்யாது. முடக்கிவிட்டால் போலீஸ் தேட முடியாதோ என்று சிலர் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். யாராவது அதில் சிம் போட்டுப் பார்த்தால் அந்தத் தகவல் போலீஸுக்குப் போகும் வகையில்தான் இந்த அமைப்பே இருக்கிறது. மாதக்கணக்கில் கழித்து ‘உங்க போன் கிடைச்சிருக்கு, வந்து வாங்கிக்கோங்க’ என்று ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வருவது இப்படித்தான். ஐஎம்இஐயை மாற்றிவிட்டால் கிடைப்பது கடினம். அப்படி மாற்றுவது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று ஆண்டுவரை சிறை அல்லது 50 லட்சம் வரை அபராதத்துக்கு உரிய குற்றம்.

போன் திரும்பி வந்ததும் சந்தோஷத்தில் சிம்மைப் போட்டு ‘டவர் எடுக்கலையே’ என்று சர்வீஸ் கடைக்குப் போகாதீர்கள். அதே தளத்தில் ‘கிடைத்த போனை விடுவிக்க’ பகுதியில் ரிக்வெஸ்ட் ஐடி கொடுத்து விடுவிக்க வேண்டும்.

பழைய போன் வாங்குகிறவருக்கு

பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியோ வேறெங்கோ செகண்ட் ஹேண்ட் போன் பார்த்தால், பணம் கொடுக்கும் முன் *#06# அடித்து ஐஎம்இஐ எடுங்கள். மெசேஜில் ஆங்கில எழுத்தில் கே, ஒய், எம் மூன்றையும் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் போட்டு 14422-க்கு அனுப்புங்கள். முடக்கப்பட்டது என்றோ, டூப்ளிகேட் என்றோ, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்றோ வந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பதிலில் வரும் மாடலும் கையில் உள்ள மாடலும் ஒன்றா என்றும் பாருங்கள்.

இன்னும் போன் தொலையாதவர்கள் இன்றே செய்ய வேண்டியது சிம் பின். செட்டிங்ஸில் செக்யூரிட்டிக்குள் ‘சிம் லாக்’ இருக்கும். போட்டுவிட்டால் சிம்மை உருவி வேறு போனில் செருகினாலும் நாலு இலக்கம் கேட்கும், ஓடிபி போகாது. முதலில் நிறுவனம் வைத்த பழைய பின்னைக் கேட்கும். அதை ஊகித்து அடிக்காதீர்கள், கஸ்டமர் கேரில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொண்டு பி.யு.கே. எண் கேட்கும், அதைப் பத்து தடவை தப்பாகப் போட்டால் சிம்மே செத்துவிடும்.