நெடுந்தீவில் ஒரு சனி, ஞாயிறு

யாழ்ப்பாணத்தை அடுத்துக் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்பார்கள். கேளாதீர்கள், இரவு தங்குங்கள்.

சனி காலை யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். படகு நேரம் மாறும், முதல் நாளே விசாரித்துவிடுங்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

தீவில் ஆட்டோவுக்கு ஏறும் முன்பே காசு பேசுங்கள். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டை, அந்தக் காலத்தில் புறா வளர்த்த புறாக்கூடு, பெருக்கமரம் (பாவோபாப்), வெளியில் மேயும் குதிரைகள் எல்லாம் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது வீட்டு மதில்கள்தான். சாந்து பூசாமல் அடுக்கிய முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். கிட்டப் போனால் பவளத்தின் வரிகள் அப்படியே தெரியும். கல்லைப் பெயர்த்து எடுக்காதீர்கள்.

மாலையில் தங்குமிடத்தில் ஒடியற்கூழ் (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ்) கேளுங்கள். நண்டும் மீனும் நீங்களே வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. கூழைத் தனியாகக் குடிக்க முடியாது. பானையைச் சுற்றி இருந்து, பிளாவை (பனையோலைக் குவளை) நீட்டி நீட்டி வாங்கும்போதே பக்கத்து வீட்டுக்காரரும் வந்துவிடுவார். அப்புறம் ஊர்க்கதைதான்.

ஞாயிறு காலைப் படகில் குறிகட்டுவான் திரும்பி, அடுத்த படகில் இன்னொரு தீவான நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயிலில் மதிய அன்னதானம் உண்டு. அங்குள்ள பௌத்த ஆலயமான நாகவிகாரைக்கு நடந்தே போகலாம். கடைசிப் படகை மட்டும் விட்டுவிடாதீர்கள்.