உங்கள் மின் ஸ்கூட்டர் எவ்வளவு கார்பன் விடுகிறது?
டேஷ்போர்டு காட்டும் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். சார்ஜ் ஏறும்போது சார்ஜரைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடும் நீங்கள் இழுத்த மின்சாரம்தான். அதனால் சுவர் பிளக்கில் சின்ன எனர்ஜி மீட்டர் ஒன்றைச் செருகி, ஒரு மாத யூனிட்டைக் குறித்து, ஓடிய கிலோமீட்டரால் வகுத்துவிடுங்கள்.

அப்புறம் அதை 0.7-ஆல் பெருக்குங்கள். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. நிலக்கரிதான் முக்கியக் காரணம். 100 கிலோமீட்டருக்கு 3.2 யூனிட் என்றால், கிலோமீட்டருக்கு 22 கிராம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டரில் புகைக்குழாய் வழியே மட்டும் 51 கிராம்! மின் ஸ்கூட்டரின் பேட்டரி தயாரிப்பில் வெளியானது அந்த 22 கிராமில் சேராது. மாடியில் சோலார் இருக்கிறதா? பகலிலேயே சார்ஜ் போடுங்கள்.